உறைபனி இரவில் பம்புசெட்: மாலையில் பத்து நிமிட வேலை

கேள்வி: "எங்கள் தோட்டம் நீலகிரியில் எமரால்டு பக்கம், ஓடையை ஒட்டிய பள்ளத்தில் இருக்கிறது. ஒன்றரை ஏக்கர். கேரட் நிற்கிறது, அடுத்து நீர்போக உருளைக்கிழங்கு நடப் போகிறோம். உறைபனி விழும் நாளில் விடியற்காலையில் ஸ்பிரிங்க்ளர் ஓட்டினால் பயிர் தப்பும் என்கிறார்கள். சென்ற ஆண்டு அப்படி ஓட்டப் போனபோது மோட்டார் உறுமியதே தவிர சுற்றவில்லை. பிரஷர் கேஜின் கண்ணாடியும் விரிந்திருந்தது. இது பம்பின் கோளாறா, பனியால் வந்ததா? இந்த ஆண்டு என்ன செய்ய வேண்டும்?"

பதில்: பனியால் வந்ததுதான். மோட்டார் உறுமியதும் உடனே சுவிட்சை அணைத்தீர்கள் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் கடிதத்தில் காயில் எரிந்த கதையும் சேர்ந்து வந்திருக்கும்.

இந்தக் கேள்விக்கு நான் 30 ஆண்டுக்கு முன்பே விடை தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்ட விதம்தான் சரியில்லை. பணியில் சேர்ந்து இரண்டாவது ஆண்டு, உதகைப் பகுதியில் இருந்தேன். டிசம்பர் கடைசி. பள்ளத்தாக்கு ஒன்றில் பிந்தி நட்ட உருளை, கிழங்கு பருக்கிற நேரம். உறைபனி தொடங்கிவிட்டது. அந்தத் தோட்டக்காரரிடம், "விடிவதற்கு முன்னால் எழுந்து ஸ்பிரிங்க்ளர் போடுங்கள், பயிருக்கு ஒன்றும் ஆகாது" என்று பாடப்புத்தகத்தில் படித்ததைச் சொல்லிவிட்டு வந்தேன். அவரும் சொன்னபடியே அதிகாலை 5 மணிக்குப் போய் ஸ்டார்ட்டரை அழுத்தியிருக்கிறார். கூரை இல்லாமல் ஓடைக்கரையில் நின்ற பம்பு. உள்ளே தங்கியிருந்த நீர் ஓரங்களில் கட்டிப்போய் இம்பெல்லரைப் பிடித்துக்கொண்டது. ஓவர்லோடு ரிலே அடிக்கடி விழுகிறதென்று யாரோ அதைக் கூட்டி வைத்திருந்தார்கள். அதனால் அதுவும் காப்பாற்றவில்லை. புகை வந்த பிறகுதான் அணைத்தார். மோட்டார் ரீவைண்டிங்குக்குக் கீழே போய் வர நாலு நாள். அதற்குள் செடிகள் வேகவைத்த கீரை மாதிரி கறுத்துத் தொங்கிவிட்டன.

நான் போய் நின்றபோது அவர் கோபப்படவில்லை. "தண்ணி அடின்னு சொன்னீங்க சார். மோட்டாரை என்ன பண்ணணும்னு சொல்லலையே" என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு எந்த மலைக்கிராமக் கூட்டத்திலும் பயிரைப் பற்றிப் பேசுமுன் பம்பைப் பற்றிப் பேசுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். உறைபனிக் காலத்தில் பம்பு எந்த நேரத்தில் கட்டாயம் ஓட வேண்டுமோ, அந்த நேரத்தில்தான் அது உறைந்துபோகும் ஆபத்தும் அதிகம். இதை மனதில் வைத்தால் மற்றதெல்லாம் தானே புரியும்.

எங்கே, எப்போது உறையும்?

நம் மலைகளில் உறைபனிக் காலம் பெரும்பாலும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே குளிர் பூஜ்யத்தை ஒட்டியோ அதற்குச் சற்றுக் கீழாகவோ இறங்கும். கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர் போன்ற ஊர்களிலும் இதே நிலைமைதான்.

நாளிதழில் "குறைந்தபட்ச வெப்பநிலை 2 டிகிரி" என்று பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. அந்தக் கணக்கு தரையிலிருந்து ஏறக்குறைய 4 அடி உயரத்தில், பெட்டிக்குள் வைத்த வெப்பமானியில் எடுப்பது. வானம் தெளிந்து காற்று அசையாத இரவில் தரையும் அதன்மேல் கிடக்கும் இரும்பும் அதைவிடச் சில டிகிரி கூடுதலாகக் குளிரும். அதனால்தான் 2 டிகிரி என்று பதிவான காலையிலும் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கிறது.

குளிர்ந்த காற்று கனமானது. நீரைப் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். மேட்டில் இருக்கும் வீட்டில் பனியே இல்லாதபோது கீழே ஓடைக்கரையில் கொட்டியிருக்கும். நம் பம்புகளோ ஓடைக்கரையில்தான் இருக்கின்றன. உங்கள் தோட்டத்திலேயே மிகவும் குளிரும் இடம் பம்பு நிற்கும் இடம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாலை 6 மணிக்கு வானத்தைப் பாருங்கள். மேகம் இருந்தால் அது போர்வை. அன்று பயம் குறைவு. காற்று வீசினாலும் பயம் குறைவு. மேகமும் இல்லை, காற்றும் இல்லை, மாலையிலேயே விரல் விறைக்கிறது என்றால் அன்றிரவு பம்பை அப்படியே விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

ஏன் உடைகிறது?

நீர் உறையும்போது சுமார் 9 சதவிகிதம் பெருக்கும். 100 லிட்டர் நீர் கட்டியானால் ஏறக்குறைய 109 லிட்டர் இடம் கேட்கும். இடம் இல்லாவிட்டால் அடைத்து வைத்திருப்பதைப் பிளக்கும். பம்பின் உடல் வார்ப்பிரும்பு. அது வளையாது, விரிசல்தான் விடும்.

ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்க் குளிர் காஷ்மீர்க் குளிர் அல்ல. பூமிக்குள் ஒன்றரை அடி ஆழத்தில் போகும் குழாய் நம் மலையில் உறையாது. நிறைய நீர் நிற்கும் பெரிய பாகங்களும் ஒரே இரவில் முழுக்க உறைவது அரிது. நமக்குச் சேதம் வருவது கொஞ்சம் நீர் நிற்கும் வெளிப்புறப் பாகங்களில்தான்: பிரஷர் கேஜ், பிரைமிங் புனல், கேட் வால்வு, ஃபில்டர், தரைமேல் கிடக்கும் லேட்டரல் குழாய், ஸ்பிரிங்க்ளர் நாசில், பம்பின் கூடு. ஆகவே எல்லாவற்றையும் மூடிக் கட்ட வேண்டாம். இந்த ஏழெட்டு இடங்களைப் பார்த்தால் போதும்.

மாலை வேலை

1. மெயின் சுவிட்சை அணையுங்கள். ஸ்டார்ட்டர் மட்டும் போதாது.

2. டெலிவரி பக்கத்து கேட் வால்வை மூடுங்கள். மூடாவிட்டால் மேட்டில் இருக்கும் குழாயின் நீரெல்லாம் பம்பு வழியாக இறங்கி வந்து காலைச் சேறாக்கும்.

3. பம்புக் கூட்டின் அடியில் ஒரு ட்ரெய்ன் பிளக் இருக்கும். பலர் அதை வாங்கிய நாளிலிருந்து தொட்டிருக்க மாட்டார்கள். துருப்பிடித்து இறுகியிருந்தால் பனிக்காலம் வரும் முன்பே மெக்கானிக்கைக் கொண்டு கழற்றி, மரையைச் சுத்தம் செய்து, டெஃப்லான் டேப் சுற்றிப் போட்டு வையுங்கள். மாலையில் அதைக் கழற்றி, மேலே பிரைமிங் மூடியையும் திறந்துவிட்டால் கூட்டில் உள்ள நீர் இறங்கிவிடும். கழற்றிய பிளக்கைச் சட்டைப் பையில் போடாதீர்கள்; பம்பிலேயே ஒரு கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். அதிகாலை இருட்டில் புல்லுக்குள் பிளக் தேடிய அனுபவம் எனக்கே உண்டு.

4. சக்‌ஷன் குழாயின் நீரை இறக்க வேண்டாம். ஃபுட்வால்வு நன்றாக இருந்தால் அது குழாயில் நீரைப் பிடித்து வைத்திருக்கும். வெளியே தெரியும் பெண்டையும் கேட் வால்வையும் மட்டும் சாக்கால் இறுக்கிச் சுற்றி, சாக்கு நனையாமல் மேலே பாலிதீன் கட்டுங்கள். நனைந்த சாக்கால் பயனில்லை.

5. பிரஷர் கேஜைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். நிறுத்த வேண்டிய பால் வால்வு எதுவானாலும் அதைப் பாதி திறந்த நிலையில் விடுங்கள். முழுக்க மூடினாலும் முழுக்கத் திறந்தாலும் உருண்டைக்குள் கொஞ்சம் நீர் சிக்கிக்கொள்ளும். வால்வு விரிவது அந்த நீரால்தான்.

6. ஸ்பிரிங்க்ளர் லேட்டரலின் தாழ்ந்த பக்கத்து எண்ட் கேப்பைக் கழற்றி நீரை வடித்துவிடுங்கள். நாசிலின் துளை சில மில்லிமீட்டர்தான். அதில் ஒரு சொட்டு உறைந்தாலும் காலையில் அடைப்பு. எல்லா நாசிலும் அடைத்த நிலையில் பம்பை ஓட்டினால் குழாய் இணைப்புகள் பிடுங்கிக்கொள்ளும்.

7. இரண்டு கேன் நிறைய நீர் பிடித்து வீட்டுக்குள் வையுங்கள். இது காலைப் பிரைமிங்குக்கு. பலர் மறப்பது இதைத்தான். நீரை இறக்கிவிட்டு, காலையில் ஓடை ஓரம் பனிக்கட்டி பிடித்துக் கிடக்க, விறைத்த கையோடு பிரைமிங்குக்கு நீர் மொண்டுகொண்டு நிற்பார்கள். ஃபுட்வால்வு கசியாவிட்டால் கூட்டை நிரப்ப ஒரு கேன் போதும். கசிந்தால் பத்துக் கேனும் போதாது. எனவே ஃபுட்வால்வு வாஷரை டிசம்பருக்கு முன் மாற்றிவிடுங்கள்.

முதல் நாள் இதற்கெல்லாம் அரை மணி நேரம் ஆகும். மூன்றாம் நாளிலிருந்து பத்து நிமிடம்தான்.

காலை வேலை

போனதும் சுவிட்சுக்குக் கை போகக் கூடாது. மெயின் அணைந்த நிலையிலேயே மோட்டார் ஷாஃப்ட்டைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். மோனோபிளாக் என்றால் பின்பக்கக் காற்றாடி மூடியைக் கழற்றிச் சுற்றலாம். தாராளமாகச் சுற்றினால் பிளக்கைப் போட்டு, பிரைமிங் செய்து, காற்றுக் குமிழி நின்ற பிறகு ஓட்டுங்கள். சுற்றவில்லை என்றால் உள்ளே கட்டி இருக்கிறது. கூட்டின்மேல் துணியைப் போட்டு வெதுவெதுப்பான நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கொதிக்கிற நீரை ஊற்றினால் குளிர்ந்த வார்ப்பிரும்பு விரிசல் விடும். தீப்பந்தம் காட்டுவதும் கூடாது. சூடு மோட்டார் பக்கம் போனால் அதுவும் நாசம்.

இரவில் பம்பின்மேல் போட்ட சாக்கையும் பாலிதீனையும் எடுத்துவிட்டீர்களா என்று இன்னொரு முறை பாருங்கள். போர்வையோடு ஓடும் மோட்டார் சூடேறி எரியும்.

அதோடு, ஓவர்லோடு ரிலே மோட்டாரின் ஆம்பியருக்குச் சரியாக வைக்கப்பட்டிருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் மேலே சொன்ன மோட்டார் எரிந்ததற்கு பனி பாதிக் காரணம். கூட்டி வைத்த ரிலே மீதிக் காரணம்.

தொடங்கினால் நடுவில் நிறுத்தாதீர்கள்

பம்புக்கு இவ்வளவு காவல் எதற்கு என்று கேட்கலாம். ஒரு கிராம் நீர் உறையும்போது சுமார் 80 கலோரி வெப்பத்தை வெளிவிடும். ஸ்பிரிங்க்ளர் நீர் இலைமேல் உறைய உறைய, அந்த வெப்பம் இலையைப் பூஜ்யத்தை ஒட்டிய நிலையில் தாங்கிப் பிடிக்கிறது. இதனால்தான் பனிக்கட்டி மூடிய இலைகூடத் தப்புகிறது. ஆனால் அதே ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது சுமார் 600 கலோரியை இழுத்துக்கொள்ளும், அதாவது ஏழு மடங்குக்கும் மேல். நீர் நிற்காமல் விழுந்துகொண்டிருக்கும்வரை உறைதல் வெல்லும். நடுவில் பம்பு நின்றால் நனைந்த இலையிலிருந்து ஆவியாதல் தொடர்ந்து நடக்கும். இலை நனையாமலே இருந்ததைவிட அதிகமாகக் குளிரும். நீரே அடிக்காத பக்கத்து வயல் பிழைத்து, பாதியில் நிறுத்திய வயல் கருகியதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே செடி மட்டத்தில் ஒரு சாதாரண வெப்பமானியைக் கட்டி வைத்து, 1 அல்லது 2 டிகிரிக்கு இறங்கும்போதே தொடங்குங்கள். வெயில் ஏறி இலைமேல் உள்ள கட்டி தளர்ந்து தானாக விழும்வரை ஓட்டுங்கள். அவ்வளவு நேரம் மும்முனை மின்சாரம் இருக்குமா, ஓடையில் அவ்வளவு நீர் இருக்குமா என்பதை முதல் நாளே கணக்குப் பாருங்கள். இருக்காது என்று தோன்றினால் இரவெல்லாம் ஓட்டும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். பனியைச் சூரியன் படுமுன் கழுவிவிடுவது, பாத்திகளுக்கு வைக்கோலோ காய்ந்த பெரணித் தழையோ போர்த்துவது போன்றவற்றோடு நின்றுகொள்ளுங்கள்.

நிரந்தர ஏற்பாடு

மூன்று பக்கம் செங்கல், மேலே தகரம், வாசலுக்கு ஒரு படல். பம்புக்கு இவ்வளவு போதும். தகரத்துக்கு அடியில் பழைய சாக்கோ தெர்மோகோலோ இருந்தால் இன்னும் நல்லது. சிலர் உள்ளே 60 வாட் குண்டு பல்பு எரியவிடுகிறார்கள். சின்ன அறையில் அது உதவும். ஆனால் மின்வெட்டு வந்தால் உதவாது, ஈரமான இடத்தில் எர்த் இல்லாத ஒயர் உயிருக்கே ஆபத்து. நீரை இறக்குவதற்கு அது மாற்றல்ல.

பள்ளத்துக் குளிரை விட்டுப் பம்பை மேட்டுக்கு ஏற்றலாமா என்றும் கேட்பார்கள். அளவோடுதான் ஏற்றலாம். கடல் மட்டத்தில் பம்பு உறிஞ்சும் உயரம் கணக்குக்கு 10 மீட்டர். உதகை உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் கணக்குக்கே 8 மீட்டருக்குள்தான். உராய்வெல்லாம் போக நாலரை, ஐந்து மீட்டருக்கு மேல் வைத்தால் பம்பு திணறும்.

புதிதாகப் போடுபவர்கள் டெலிவரிக் குழாயைப் பம்பை விட்டு வெளியே வந்தவுடன் பூமிக்குள் இறக்குங்கள். வெளியே கிடக்க வேண்டிய லேட்டரலுக்கு ஹெச்.டி.பி.இ குழாய் நல்லது, குளிரில் பி.வி.சி.யைப் போல எளிதில் உடையாது. கிணறோ போர்வெல்லோ இருந்து நீர்மூழ்கி மோட்டார் வைத்திருப்பவர்களுக்குப் பம்பைப் பற்றிய கவலை இல்லை. தரைமேல் உள்ள வால்வையும் கேஜையும் பார்த்தால் போதும்.

இதே பொருளில் வந்த வேறு கேள்விகள்

கேள்வி: "டீசல் என்ஜின் பம்பு வைத்திருக்கிறோம். என்ஜினில் காருக்கு ஊற்றும் பச்சைக் கூலன்ட்டை ஊற்றலாமா? மிச்சத்தைப் பம்புக் குழாயிலும் ஊற்றினால் உறையாதாமே?" (கோத்தகிரி வட்டாரம்)

பதில்: ரேடியேட்டர் உள்ள என்ஜினில் தயாரிப்பாளர் சொன்ன அளவில் ஊற்றலாம். ஓடை நீரே சுற்றிவந்து குளிர்விக்கும் வகை என்றால் ஊற்றிப் பயனில்லை. மாலையில் என்ஜின் ஆறியதும் சிலிண்டர் பக்கத்து ட்ரெய்னைத் திறந்து நீரை இறக்குங்கள். பாசனக் குழாயில் ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது. அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். மாடும் நாயும் நக்கினால் சிறுநீரகம் கெட்டுச் சாகும். சிந்தியதைக்கூட மண் போட்டு மூடி அள்ளிவிடுங்கள்.

கேள்வி: "பசுமைக்குடிலில் கார்னேஷன். உள்ளே பனி இல்லை. ஆனால் வெளியே வைத்த ஃபில்டரும் வென்ச்சுரியும் விரிந்துவிட்டன." (உதகை)

பதில்: குடிலுக்குள் இடம் இருந்தால் இரண்டையும் உள்ளே மாற்றிவிடுங்கள், அதுதான் நிரந்தரத் தீர்வு. அதுவரை மாலைப் பாசனம் முடிந்ததும் ஃபில்டரின் ஃப்ளஷ் வால்வைத் திறந்துவிட்டு, வென்ச்சுரியைக் கழற்றிக் கவிழ்த்து வையுங்கள். உரக்கரைசல் கொஞ்சம் தாமதமாக உறையும் என்று நம்பி அதை உள்ளே விடாதீர்கள்.

கேள்வி: "தோட்டத்திலேயே விருந்தினர் தங்கும் இரண்டு அறையும் ஒரு சிறிய நீச்சல்குளமும் கட்டியிருக்கிறோம். அதன் பம்புக்கும் இது பொருந்துமா?" (கொடைக்கானல் மேல்மலை)

பதில்: குளத்தில் உள்ள பெரிய நீர் நம் குளிரில் உறையாது, மேலே கண்ணாடி மாதிரி ஓர் ஏடு பிடிக்கலாம், அவ்வளவுதான். ஆபத்து பம்பு, வடிகட்டி அறைக்குத்தான். ஆள் இருக்கும் காலத்தில் உறைபனி இரவில் பம்பை நிறுத்தாமல் ஓடவிடுங்கள்; ஓடும் நீர் எளிதில் உறையாது. விருந்தினர் வராத காலத்தில் முழுக்க வடித்துவிடுங்கள். அந்த வகைப் பம்பில் பெரும்பாலும் இரண்டு ட்ரெய்ன் பிளக் இருக்கும், ஒன்று கூட்டுக்கு, இன்னொன்று கூடை வடிகட்டிக்கு. ஒன்றை மட்டும் திறந்தால் மற்றதில் நீர் நிற்கும். மணல் வடிகட்டியின் அடி மூடியையும் திறந்து வடியுங்கள். கழற்றிய பிளக்குகளைக் கூடைக்குள்ளேயே போட்டு வைத்தால் தொலையாது. விடிய விடிய ஓட்டும்போது மின்வெட்டு வந்தால் எழுந்து வடிக்க ஓர் ஆள் இருக்க வேண்டும். ஆள் இல்லையென்றால் மாலையிலேயே வடித்துவிடுவதுதான் நல்லது.

எமரால்டு வாசகருக்கு இன்னொன்று. நீர்போக உருளை முளைத்து மேலே வரும் நேரத்திலும் சில ஆண்டுகளில் உறைபனி மிச்சமிருக்கும். பொங்கலோடு பனி முடிந்தது என்று பிளக்கை நிரந்தரமாக மாட்டிவிடாதீர்கள். பிப்ரவரியிலும் மாலை 6 மணிக்கு ஒருமுறை வானத்தைப் பாருங்கள். இந்த வாரமே ட்ரெய்ன் பிளக் கழல்கிறதா என்று சோதித்துப் பார்த்து, முடிந்தால் ஒரு வரி எழுதுங்கள்.